முன்சக்கரம் மடிந்தது பற்றி விமான மெக்கானிக் சொன்னது

என்னை எல்லோரும் "ஸ்பேனர்" என்று கூப்பிடுவார்கள்; அசல் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. வயது ஐம்பத்தாறு. விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக். விமானம் நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எங்கள் பள்ளியில் பயிற்சி கொடுக்கும் அம்மாவின் லைசென்ஸைப் பறிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, நானாகவே விசாரணை அதிகாரியிடம் வந்து இதைச் சொல்கிறேன்.

எங்களுடையது இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். லேசில் உடையாது. தொப்பென்று இறக்கினாலும் பின்கால்கள் வளைந்து கொடுத்து நிமிர்ந்துவிடும். ஆனால் முன்சக்கரம் முதலில் மோதினால் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவர் நெளியும். அதைக் கவனிக்காமல் பறந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் முன்கால் மடிந்துவிடும். அதனால் பலமாக இறக்கியவர் அதை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, எந்தச் சக்கரம் முதலில் பட்டது, எத்தனை தடவை துள்ளியது என்று என்னிடம் சொல்ல வேண்டும். நான் இன்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் மறுபடி கிளம்பும்.

சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும். நான் ஒன்றரை மணி நேரம் பிடித்து வைப்பேன். டீ கொடுப்பேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று ஆரம்பித்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது வரை கேட்பேன். மற்றபடி என்னிடம் உட்கார்ந்து பேச யாரும் வருவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது பலமாக இறக்கினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். "ஸ்பேனர்கிட்ட மாட்டினா காது போச்சு" என்று அவர்கள் சிரிப்பதும் தெரியும். இந்த வருடம் புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட வரவில்லை. எல்லோரும் நன்றாக இறக்கப் பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த அம்மா தனியாகப் பறந்து இறங்கினார். நான் உள்ளே வேலையாக இருந்ததால் பார்க்கவில்லை. "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "பூ மாதிரி இறங்கிச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார். மறுநாள் காலை விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு அவரும் பயிற்சி பெறுபவர் ஒருவரும் அதில் பறந்துவிட்டு இறங்கும்போது முன்கால் மடிந்து, விமானம் ஓடுபாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. மற்றவருக்குச் சிராய்ப்பு மட்டும்தான். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தின நாள் இறக்கும்போது முன்சக்கரம் முதலில் பட்டு மூன்று தடவை துள்ளியதாகச் சொன்னார். "ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க லேசுல விட மாட்டீங்கண்ணே. பாப்பா ஸ்கூல் வாசல்ல நின்னுட்டிருந்தா."

அவர் மறைத்தது தப்புதான். ஆனால் என்னிடம் வரவே பயப்படும்படி செய்தது நான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டேன். நேரமில்லை என்றார். அத்தனையும் உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.