முப்பது விநாடி வெறும் அறை

முட்டைக்கோஸ் தண்டை முறித்தால் எலும்பு முறிகிற சத்தம் வரும், ஐயா. ஈரத் துணியைத் தரையில் அடித்தால் ஆள் விழுகிற சத்தம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இப்படிச் சத்தம் செய்து கொடுப்பதுதான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு.

கூட வேலை பார்த்தவர் என் மனைவியின் அண்ணன். அலறுவது, விழுவது, சாவது எல்லாம் அவர் பொறுப்பு. "மாப்ளே, இன்னைக்கு எத்தனை தடவை சாகணும்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

கடைசியாக வந்த விளையாட்டில் நாயகன் புகையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாக வேண்டும். பதினோரு தடவை செய்து அனுப்பினோம். இயக்குநர் பதினோரு தடவையும் ஒரே வரியில் திருப்பினார்: "நடிக்கிறது தெரியுது." அடுத்ததும் சரியில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு வருடமாகக் கையில் இருந்த ஒரே வேலை அது. வீட்டில் மூச்சுவிடவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், ஐயா, நாற்பத்தாறு வயதில்.

ஒலிப்பதிவு அறைக்குள் போகிறவர் சட்டைப்பையில் எதுவும் இருக்கக் கூடாது; அசைந்தால் சலசலக்கும். சாவி, கைபேசி எல்லாவற்றையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவருடைய இன்ஹேலரும் அங்கேதான் இருக்கும். நான் கேட்டு வாங்கவில்லை, அவரே வைத்தார்.

அன்று காலை, பெரிய பறவை சிறகடிக்கிற சத்தம் வேண்டும் என்று பரணில் கிடந்த பழைய கம்பளியைக் கொடுத்து உதறச் சொன்னேன்.

"என்ன மாப்ளே, ஒரே தூசியா இருக்கு?"

"ரெண்டே நிமிஷம் மச்சான். நல்லா உதறுங்க."

அந்த விளையாட்டில் பறவை எதுவும் இல்லை என்பது உண்மைதான்.

நான்காவது நிமிடம் இழுப்பு வந்தது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு கதவுக்கு வந்தார். சத்தம் கசியாமலிருக்க அதை வெளியிலிருந்துதான் தாழிடுவோம். சிவப்பு விளக்கு எரியும்போது யாருக்காகவும் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. கண்ணாடியில் தட்டினார். தட்டுவது பதிவில் விழுந்துவிடுமே என்று பதறிப்போனேன். நல்ல வேளை, சீக்கிரம் நிறுத்திவிட்டார். இன்ஹேலர் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாப்ளே" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அதைப் பிற்பாடு வெட்டிவிட்டேன்.

ஒவ்வொரு பதிவு முடிந்ததும் முப்பது விநாடி வெறும் அறையின் அமைதியைப் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். வெட்டிய இடங்களை ஒட்ட அது தேவைப்படும். அதுவரை உள்ளே இருப்பவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மச்சானுக்கு அது மட்டும் வரவே வராது, சிரித்துவிடுவார். அன்று ஒரே தடவையில் சரியாக அமைந்தது.

மாலையே இயக்குநர் பதில் போட்டார்: "இதுதான்."

"எங்கண்ணனைக் காப்பாத்தியிருக்க முடியாதா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஸ்டேஷனுக்கு எடுத்துவந்த பதிவை நீங்களே அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஐயா. முப்பத்தோராவது விநாடியில் தாழ் திறக்கிற சத்தமும் நான் ஓடுகிற சத்தமும் தெளிவாகக் கேட்கும். ஒரு நொடிகூட நான் தாமதிக்கவில்லை.