ஆறே ஆறு நோட்டு

இன்னா பேரு சொன்ன, மினிமலிசமா? அட போ நைனா, நான் அத்த தேவப்பிரியம் வியாதின்னு சொல்லிக்கினு இருந்தேன். குந்து. அந்த ஆம்ப்ளிபயர் மேல குந்தாத, ஷாக் அடிக்கும். இப்டி வா.

எங்க ராக் பாட்டுக்குள்ள வெளிநாட்டு கிளாசிக்கல் எப்டி பூந்துச்சின்னு கேக்குற. பத்திரிகைக்காரன், பெருசா எதிர்பாத்துகினு வந்திருப்ப. நான் ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டுறவன். கித்தாரு புட்சா கை சொம்மா இருக்காது, ஒரு பாட்டுல மூணு எடத்துல சோலோ உடுவேன். கமாலு டிரம்மு. அவனுக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, சத்தம். தேவப்பிரியம் கீபோர்டு. ராயபுரம் சர்ச்சுல ஞாயித்துக்கெழம வாசிக்கிற பொண்ணு, மத்த நாளு எங்க கூட குப்ப கொட்டுச்சி.

ஒரு நாளு அது போன்ல ஒண்ணு போட்டுச்சி. யாரோ கோட்டு போட்ட வெள்ளக்காரங்கோ. பியானோல ஆறு நோட்டு. அப்பால அதே ஆறு. மறுபடி அதே ஆறு. ஹேங்காயிட்ச்சின்னு நான் போன தட்டிப் பாக்குறேன். கமாலு கேக்குறான், மீதி பாட்டு தொலஞ்சி பூட்ச்சான்னு. அது சிரிக்கல. கம்முனு கேளு, மாறுதுன்னுச்சி. இன்னா மாறுது? எனக்கு தலவலிதான் வந்துச்சி.

அந்த வாரம் எண்ணூர் ரோட்டுல டிரெய்லர் லைனு. ஹார்பர் கேட்டுக்கு மூணு கிலோமீட்டர் கீது. ஒரு வண்டி நவுரும், அப்பால அர மணி நேரம் நிக்கும். வேற வேல இல்லாம, தேவப்பிரியம் அனுப்ச்ச அந்தப் பாட்ட போன்ல போட்டு உட்டேன். இருவது நிமிசம். எங்கியோ ஒரு நோட்டு மட்டும் எடம் மாறிச்சி நைனா. ஒண்ணே ஒண்ணு. ஒடம்பெல்லாம் புல்லரிச்சி பூட்ச்சி. லைனு நவுந்ததே தெரில. பின்னாடி வண்டிக்காரன் ஆரன் அட்ச்சி, எங்கம்மாவ வம்புக்கு இஸ்துட்டான்.

சாய்ங்காலமே ரிகர்சல்ல பாட்டு ரெடியாவுது. தேவப்பிரியம் ஆர்டர் போடுது, கமாலு மாறாம அட்ச்சிகினே இருக்கணும், நான் ஆறே ஆறு நோட்டு. சோலோ கட்டு. கத்துனேன், அப்ப நான் எதுக்கு, மெஷினு வெச்சிக்கோயேன்னு. மெஷினுக்கு கை வலிக்காது, உனுக்கு வலிக்கும், அது பாட்டுல கேக்கும்னுச்சி. இன்னா வாயி பாரு.

வியாசர்பாடி கிரவுண்டுல மொத தபா வாசிச்சோம். ரெண்டு நிமிசம் பிகிலு. மூணாவது நிமிசம், டேய் ரெக்கார்டு சிக்கிட்ச்சிடான்னு ஒருத்தன். ஒரு செருப்பு வந்துச்சி. நல்ல செருப்பு, ஜோடிதான் வரல. சோலோ உட்டு தப்பிச்சிக்கலாம்னு கைய நவுத்துனேன், தேவப்பிரியம் ஒரு மொற மொறச்சிச்சி பாரு, அடங்கிட்டேன். ஆறாவது நிமிசம் நோட்டு மாறிச்சி. மொத்த கூட்டமும் எழுந்துகிச்சி. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரன் லத்திய தொடையில தட்டிக்கினு கீறான், அதே தாளம்!

இன்னாது? அப்பால வந்த நாலு பாட்டும் ஏன் அதே மாதிரி கீதுன்னா? நீங்கோ அத்த ஸ்டைலுன்னு எழுதிக்கினு கீறீங்கோ. ஸ்டைலும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கு வேற வரல.

அந்தப் பாட்ட நெட்டுல ஏத்துறப்ப, இசை யாருன்னு ஒரு கட்டம் கேட்டுச்சி. பகலவன்னு என் பேர அட்ச்சிட்டேன். முன்னாடி நின்னது நானு, கூட்டம் என் பேர சொல்லித்தான் கத்துச்சி, எனக்கே நம்பிக்க வந்துட்ச்சி. மெட்டு போட்டது பூரா தேவப்பிரியம். போன வாங்கி பாத்துச்சி. கீபோர்டுக்கு உறைய மாட்டி, ஜிப்ப இஸ்து, ஷேர் ஆட்டோ ஏறிட்ச்சி. மூணு வருசம் ஆவுது.

இப்ப திருவொத்தியூர்ல புள்ளைங்களுக்கு பியானோ சொல்லிக் குடுக்குதாம். அஞ்சு மணிக்கு மேல போ, இருக்கும். உன் கேள்விய அங்க கேளு. நான் அனுப்ச்சேன்னு மட்டும் சொல்லாத நைனா, கதவு தொறக்காது.