அண்ணன் அனுப்பிய சோபா

"ஹலோ... அண்ணே, நான்தான். என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?... ஆமா, ஆமா, வந்திருச்சு. பாதி உள்ள, பாதி வெளிய, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது... சந்தோஷமாவா? தலையில இடி விழுந்த மாதிரி இருக்கு."

துணிக் கம்பெனியில் தைப்பவள் அவள். அன்று விடுப்பு எடுத்திருந்தாள். மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை என்றால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். இல்லாத வீடுதானா என்று பார்க்க அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்.

"மரியாதையா இருக்கட்டும்னா?... அண்ணே, நீ போற இடத்துல சோபாவப் பாத்து மரியாதை குடுப்பாங்க. இங்க சோபாவப் பாத்தா பேரை அடிச்சிருவாங்க... ஆமா. என்ன இருக்குன்னு பாக்க வரல, என்ன இல்லன்னு பாக்க வர்றாரு. எங்க டிவியவே எதிர்வீட்டுல போட்டுப் போர்வையால மூடி வச்சிருக்கேன். அவங்க வீட்டப் பாக்க ஆள் வந்தப்போ அவங்க டிவிப் பொட்டி எங்க கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு... பொய்யா? டிவி இருந்தா டாக்டர் படிப்புக்குக் கட்டிற முடியுமா? நீ வசதியாயிட்ட, உனக்கு இது மறந்துபோச்சு."

அவள் குரல் சட்டென்று தணிந்தது.

"... நீயே கட்டுறியா? அஞ்சு வருஷமும்?... அண்ணி பக்கத்துல இருக்காங்களா?... இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு, அவங்க காதுலயும் விழட்டும்... ம். அதான்."

"கோவிச்சுக்காதண்ணே. இப்ப ஒண்ணு மட்டும் பண்ணு. இந்த வண்டிக்காரங்ககிட்ட திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு. நான் சொன்னா, 'வாங்கினவரு சொல்லட்டும்மா'ங்கிறாங்க... எனக்குத் தெரியும், ஆசையாத்தான் வாங்கின... தெரியும்ணே... ஏம்ப்பா, கீழ வைக்காதீங்க! தூக்கிக்கிட்டே நில்லுங்க!... அண்ணே, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிரும். போனை அவங்ககிட்ட குடுக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லு... என்ன யோசனை? அண்ணே... அண்ணே!"

சோபாவுக்குப் பின்னால், படிக்கட்டில் ஒரு தலை தெரிந்தது. கையில் கோப்பு.

"... வாங்க சார். இப்படி ஒதுங்கி வாங்க... நாற்காலி இல்ல சார்... அய்யோ, அதுலயா? சரி, உக்காருங்க."

வண்டிக்காரர்கள் சோபாவைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்கள்.

"எங்களுது இல்ல சார். தப்பா இங்க கொண்டுவந்துட்டாங்க... போன்லயா? கடைக்காரரு. அதத்தான் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன்... 'அண்ணே'ங்கிறது சும்மா கூப்பிடுறது சார். வயசுல பெரியவரு..."

கைபேசி இன்னும் அவள் காதோடுதான் இருந்தது. அந்தப் பக்கம் மூச்சுவிடுவது கேட்டது.

"கூடப் பொறந்தவங்களா?..."

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாரும் இல்ல சார். நான் ஒத்தப் பொண்ணு."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம்தான் துண்டித்தது.