வழுக்காத டயர்

மாலை ஏழு மணி இருக்கும். வட்டவளையைத் தாண்டிக் கீழே கினிகத்தேனைக்கு இறங்குகிற ரோடு. ஒரு பக்கம் மலை... ஒரு பக்கம் பள்ளம். நடுவில் மழை. ஆடி மாத மழை. வைப்பர் தள்ளத் தள்ளக் கண்ணாடி நிரம்பிவிடுகிற மழை.

அந்த ரோட்டில் ஒரே ஒரு கார். சிவப்பு நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். ஒருவர் ஓட்டுகிறார். பக்கத்தில் ஒரு பெண்... தலை தொங்கிப்போய்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த றொசல்ல ஸ்டேஷனில் இந்நேரத்துக்குக் காற்று சும்மா இராது. மெயில் வண்டி எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. அந்த அரிக்கேன் விளக்கை நடுவில் வையுங்கள். சரி... இது நம்ம அழகனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. அழகன் இதோ, போர்வைக்குள்தான் இருக்கிறான். நான் தப்பாகச் சொன்னால் அவன் திருத்துவான்.

பெரியப்பா பெயர் சின்னராசா. அறுபத்து மூன்றாம் வருஷம் இதே மலையில், மேலே ஒரு தோட்டத்தில் துரைக்கு டிரைவர். துரை வெள்ளைக்காரர், கல்யாணம் ஆகாதவர். தோட்டம் சுற்ற ஒரு மோட்டார் சைக்கிள். மற்றபடி அவருக்கு உயிர் அந்தச் சிவப்புக் கார்தான். நுவரெலியாவில் வருஷா வருஷம் நடக்கிற மலையேற்றப் பந்தயத்துக்கென்றே கப்பலில் இறக்கிய வண்டி. மிதித்தால் அம்பு மாதிரிப் போகும். போவது ஒன்றும் பெரிதில்லை... வளைவில் நிற்க வேண்டுமே. காரில் இருந்த நாலு டயரும் மொட்டை. இரண்டு தடவை தேயிலைக்குள் போய்த் திரும்பி வந்தாயிற்று.

"ராசா, நல்லாப் புடிக்கிற டயர் பாரு" என்றார் துரை.

அப்போது டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளிநாட்டுச் சாமான் உள்ளே வருவதைக் கவர்மெண்டு இறுக்கிப் பிடித்திருந்த நேரம். சின்னராசா ஹட்டன் முழுக்கத் தேடிவிட்டுத் தலவாக்கலைக்குப் போனார். அங்கே முத்துலிங்கம் என்று ஒருவர் டயர்க்கடை வைத்திருந்தார். கடையில் இருந்தது எல்லாவற்றையும் உருட்டிப் போட்டார். பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டியது... வேகத்தில் சூடேறினால் வாழைப்பட்டை மாதிரி உரிந்துவிடும். லொறி டயர்... வெட்டு ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் கல்லு. பாரமான வண்டியை வைத்து அழுத்தினால் பிடிக்கும், இந்தக் குருவி வண்டிக்குத் துள்ளும். கடதாசி கூடக் கிழிக்காத புது டயர் ஒரு ஜோடி இருந்தது. சின்னராசா கட்டைவிரல் நகத்தை அதில் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. வருஷக்கணக்காகக் கிடந்து ரப்பர் செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் மூலையில், சாக்குப் போட்டு மூடியிருந்த நாலைப் பார்த்தார்.

சாக்கை எடுத்தார். நகத்தை வைத்தார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. விரலை எடுத்ததும் மெதுவாக... மெதுவாகத் தானாகவே மூடிக்கொண்டது. உள்ளங்கையை வைத்தார். கையைத் திருப்பி எடுக்கும்போது லேசாக ஒட்டி விட்டது. பாதி கூடத் தேயவில்லை.

"இத ஏங்க மூடி வச்சிருக்கீங்க?"

முத்துலிங்கம் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சொல்லாமக் குடுத்தாப் பாவம். கீழ கினிகத்தேன ரோட்டுல ஒரு வெள்ளக்காரச் சின்னத் தொர செத்தாருல்ல... அவரு வண்டி டயரு."

"வண்டி பள்ளத்துல விழுந்து டயரு இப்புடியா இருக்கும்?"

"வண்டி எங்கப்பா விழுந்துச்சு? அதான் சமாச்சாரமே. வண்டி ரோட்டு ஓரத்துல நிக்கிது. எஞ்சின் ஓடிக்கிட்டு, லைட்டு எரிஞ்சுக்கிட்டு. ஒரு அங்குலம் வழுக்கின அடையாளம் இல்ல. தொரதான் பள்ளத்துல, நெஞ்சு நசுங்கி ஆத்துக்குள்ள கெடந்தாரு. எதுக்கு நிறுத்துனாரு, எப்புடி எறங்கினாரு... ஒருத்தனுக்கும் தெரியாது."

சின்னராசா யோசித்தார். யோசித்துவிட்டு நாலையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வேறு டயர் இல்லை. துரையிடம் அந்தக் கதையைச் சொல்லவில்லை. மாட்டி முடித்ததும், மிஷின், வண்டிக்கெல்லாம் காவல் நிற்கிற ரோதை முனியை நினைத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்.

பிடிப்பு என்றால் உடும்புப் பிடி. நுவரெலியாவில் மற்றக் கார்கள் எல்லாம் வளைவுக்கு வளைவு பின்பக்கத்தை ஆட்டின. இது பல்லி மாதிரி ரோட்டில் ஒட்டிக்கொண்டு ஏறியது. அந்த வருஷம் துரைதான் முதல். அதற்குப் பிறகும் துரை மேல் பக்கமாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா. கொழும்புக்கு எப்போதும் ரயில்தான். அந்தக் கார் வட்டவளைக்குக் கீழே ஒரு தடவை கூட இறங்கவில்லை.

ஆடி மாதம் வந்தது.

அன்றைக்குச் சின்னராசாவின் பெண்சாதி பூரணிக்குப் பிரசவம். தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், லயத்து அறையில்தான். பிற்பகல் குழந்தை பிறந்துவிட்டது, ஆண் குழந்தை. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற வேலாயி குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து பூரணியைப் பார்த்தார். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. பாயில் இருந்து சிவப்பாக ஒரு கோடு... வாசற்படி வரைக்கும் வந்திருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சர் பரமலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், ஓடி வந்தார். இருந்த ஊசியைப் போட்டார். துணியை வைத்து அழுத்தினார். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவர் முழங்கை வரை ரத்தம்.

"சின்னராசா, இனி என்னட்டை ஒண்டுமில்லை. ரத்தம் நிக்குதில்லை. உடன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். இஞ்சை வச்சிருந்தால்... விடியாது."

ஹட்டன் ரோட்டில் காலையிலேயே மண் சரிந்திருந்தது. தோட்டத்து லொறி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. துரை கொழும்பில். மிச்சம் ஒரே வழி, கீழே நாவலப்பிட்டி. மிச்சம் ஒரே வண்டி... கராஜில் நிற்கிறது.

துரையைக் கேட்காமல் அந்தக் காரைத் தொட்டால் வேலை போகும், லயத்து அறையும் போகும். சின்னராசா அதை நினைக்கவே இல்லை. செருப்பும் போடவில்லை. வெறுங்காலோடு ஓடிப்போய் வண்டியை எடுத்து வந்தார். பூரணியைக் கம்பளியில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்து, சேலையால் சீட்டோடு கட்டினார்கள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. "பேச்சுக் குடுத்துக்கொண்டே போ. நித்திரை கொள்ள விடாதை" என்றார் பரமலிங்கம்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனார். "பூரணி... தூங்காத. பூரணி... புள்ளைக்கு என்னா பேரு வப்போம்? சொல்லு." முதலில் "ம்" என்றாள். வட்டவளை தாண்டும்போது அதுவும் இல்லை. கேன்வாஸ் கூரை ஒழுகியது. எஞ்சின் சூடு, நனைந்த கம்பளி, அதற்கு மேல் ரத்த வாடை... இரும்பு வாடை. ரோடு முழுக்கச் செம்மண் குழம்பு. இறக்கம். வேறு டயராக இருந்தால் முதல் வளைவிலேயே பள்ளத்துக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நாலு சக்கரமும் சேற்றுக்குள் விரலை ஊன்றுகிற மாதிரி ஊன்றித் திரும்பின. அழுதுகொண்டே அந்த டயருக்குக் கும்பிடு போட்டார் சின்னராசா.

அப்படியே வந்து... ஒரு வளைவு. வெள்ளை அடித்த காவல் கல் வரிசையில் ஒரு கல் மட்டும் இல்லை.

வண்டி நின்றது.

அவர் பிரேக்கைத் தொடவில்லை. கால் பெட்ரோல் மிதியில் இருந்தது. வழுக்கவில்லை, உதறவில்லை. யாரோ பின்னால் இருந்து பிடித்து நிறுத்திய மாதிரி நின்றது. நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் அடித்தது. பூரணியின் தலை முன்னால் சாய்ந்து தொங்கியது. அவர் மிதித்தார். எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. ரிவர்ஸ் போட்டார். நகரவில்லை.

அப்புறம்... ஒரு சத்தம்.

டொப்.

முன் சக்கரத்தில். டயர் வாங்க வருகிறவன் காலால் உதைத்துப் பார்ப்பானே, அந்தச் சத்தம். மழைக்குள் தெளிவாகக் கேட்டது. ஈரச் சப்பாத்துக் கால் சரளையில் நடக்கிறது... சரக்... சரக்... பின்னால் போகிறது.

டொப்.

பின் சக்கரம். வண்டி லேசாகக் குலுங்கியது. ஆற்றுப் பாசி வாடை உள்ளே வந்தது. சரக்... சரக்... வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போகிறது. டொப். பிறகு பூரணி இருந்த பக்கத்து முன் சக்கரம். டொப்.

அதோடு சத்தம் இல்லை. அது பூரணியின் கதவுப் பக்கத்தில் நிற்கிறது.

சின்னராசா இறங்கினார். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயப்பட நேரமில்லை. விளக்கு வெளிச்சத்தில் மழைக்கோடுதான் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத இருட்டு. ஆள் இல்லை. குனிந்து டயரைத் தடவினார். ரப்பர் எங்கே முடிகிறது, தார் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகிக் கிடந்தது. நகத்தால் பிறாண்டினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். "ரோத முனியப்பா... ரோத முனியப்பா..." உள்ளே பூரணி மூச்சு விடுகிறாளா என்று கூடத் தெரியவில்லை.

அப்படியே ரோட்டில் முழங்கால் போட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். யாரைப் பார்த்து என்று தெரியாமல் கத்தினார்.

"தொர... ஒங்க டயருதான். இல்லேங்கல. எடுத்துக்கங்க. வண்டிய எடுத்துக்கங்க. என்னையும் எடுத்துக்கங்க சாமி... அவள மட்டும் ஆஸ்பத்திரியில சேத்துருங்க... பச்சப் புள்ளக்காரி தொர..."

மழை பெய்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறியது... யாரோ பெட்ரோலை மெதுவாக மிதித்த மாதிரி.

அதற்குப் பிறகு நடந்ததைச் சின்னராசா எப்போதும் ஒரே மாதிரித்தான் சொல்வார். வண்டி விட்டுக்கொடுத்தது. ஏறினேன். ஓட்டினேன். ரோடு வழுக்கவே இல்லை. நாவலப்பிட்டி விளக்கு தெரிந்தது. அவ்வளவுதான். வழியில் எந்தப் பாலத்தைக் கடந்தார், எந்தக் கடையைக் கண்டார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பூரணி பிழைத்தாள். இரவு முழுக்க அவளுக்கு வேறு ஆட்களின் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். சின்னராசா வார்டு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். விடிந்தது. மழை விட்டிருந்தது.

காலையில் பூரணி கண் திறந்தாள். உள்ளே போகச் சொன்னார்கள். ஸ்டூலைத் தூக்கிவந்து கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். புள்ளை நல்லா இருப்பான், வேலாயிகிட்ட இருக்கான் என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க ஏங்க வண்டியில ஏறல?"

"என்னாடி சொல்ற?"

"ரோட்டுலயே கும்பிட்டுக்கிட்டு நின்னீங்க. வண்டி போயிருச்சு. நா கூப்பிடப் பாத்தேன், சத்தம் வரல. திரும்பிப் பாத்தா... நீங்க மழையில பின்னாலயே ஓடி வந்தீங்க. ரொம்ப தூரம் ஓடி வந்தீங்க. பாவமா இருந்துச்சு."

"காய்ச்சல்ல ஒளறாத. நாந்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன்?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஒரு வெள்ளக்காரத் தொர. தலையெல்லாம் தண்ணி சொட்டிச்சு. திரும்பியே பாக்கல. நெஞ்சுல ஸ்டியரிங்கு பதிஞ்சு, சட்ட அப்புடியே உள்ள போயிருந்துச்சு."

சின்னராசா சிரிக்கப் பார்த்தார். அந்த நேரம் பின்னால் வாளிச் சத்தம். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற சிங்கள அம்மா, அரைகுறைத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ராத்திரியில் இருந்து துடைக்கிறேன், கேட்டில் இருந்து வார்டு வரைக்கும் ரத்தம், துடைத்தால் திரும்பவும் வருகிறது, நோயாளி ரத்தம் என்று நினைத்தேன்... அவள்தான் கட்டிலில் இருக்கிறாளே.

சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் பக்கத்தில் நின்றுவிட்டாள். கீழே பார்த்தாள்.

சிமெந்துத் தரையில் வரிசையாகக் காலடி. சிவப்பாக, ஈரமாக. கதவில் இருந்து வந்து... அவருடைய ஸ்டூலில் முடிந்தது.

சின்னராசா மெல்ல வலது காலைத் தூக்கித் திருப்பினார். பாதத்தில் தோல் இல்லை. குதிகாலில் இருந்து விரல் வரை சதை பிய்ந்து, அதற்குள் சரளையும் தாரும் அப்பியிருந்தது. இடது காலும் அப்படியே.

அதுவரை வலிக்கவில்லை.