முதல் வகுப்பும் மூடிய வாயும்

இந்த மாமரத்தடி மேடைக்குத் தலைமை ஏற்று, இவன் எப்போது முடிப்பானோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவி லிப்ராதா அம்மையார் அவர்களே, ஆண்டுதோறும் எங்கள் அடங்காத செல்வங்களை அள்ளி அணைத்து ஆளாக்கும் முதல் வகுப்பு ஆசிரியை தொரிபியா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பில் மரவள்ளியை வேகவைத்துவிட்டுப் பாதி மனத்தை அங்கேயே விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்கள் இழுத்துக்கொண்டு வந்த தந்தைமார்களே, அனைவருக்கும் செங்கல் சூளைக்காரன் எவேலியோவின் வணக்கம்.

இன்னும் மூன்று வாரத்தில் பள்ளி திறக்கிறது. முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளையை வீட்டில் எப்படித் தயார் செய்வது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? நான் படித்தவனா? இல்லை. பக்குவப்பட்டவனா? மூன்றாம் வரிசையில் இருக்கும் என் மனைவி ஃபிதெலினாவைக் கேளுங்கள். பார்த்தீர்களா, சிரிக்கிறாள். இந்த ஊரிலேயே ஒரு பிள்ளையைப் படுமோசமாகத் தயார் செய்தவன் நான். அதனால்தான் அழைத்திருக்கிறார்கள்.

போன ஆண்டு என் மகள் நிமியாவுக்கு ஆறு வயது. சரியான வாயாடி. கோழியோடு பேசுவாள், கொடியில் காயும் சட்டையோடு பேசுவாள், யாரும் கிடைக்காவிட்டால் தன்னோடு தானே பேசிக்கொள்வாள். எல்லாம் நம் வீட்டு மொழியான குவாரனியில். பள்ளியிலோ புத்தகமும் ஸ்பானிஷ், பலகையும் ஸ்பானிஷ். அந்த மொழி புரியாமல் கடைசி வரிசையில் ஊமையாய் உட்கார்ந்து, முதல் வகுப்பிலேயே தோற்றவன் நான். என் மகளுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்தது தவறில்லை, ஐயா. செய்ததுதான் தவறு.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். "இன்னையிலருந்து இந்த வீட்ல ஸ்பானிஷ்தான். யார் குவாரனி பேசினாலும் அவங்களுக்கு தெரெரே கிடையாது." நம் ஊர் ஜனவரிக் கோடை வெயிலில், பனிக்கட்டித் தண்ணீரில் இலை ஊறிய தெரெரேக் குவளை கைமாறிக் கைமாறி வரும்போது, நம் முறை மட்டும் தாண்டிப் போவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முதல் நாளே ஃபிதெலினாவுக்கு ஏழு முறை போயிற்று.

"உன் ஸ்பானிஷு செங்கல் விக்கத்தான்யா ஆகும், பிள்ளை வளக்க ஆகாது" என்றாள், குவாரனியில். எட்டாவது முறையும் போயிற்று.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் அவள் பேச்சு பாதியாயிற்று. இரண்டாம் வாரத்தில் ஆம், இல்லை என்ற இரண்டே சொல்லாயிற்று. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையனை இந்த மாவட்டத்தில் தேடினாலும் கிடைக்காது.

ஒரு காலையில் ஃபிதெலினா ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். உறையெல்லாம் சீழ்.

"காதுலருந்து வடியுதுய்யா. மூணு நாளா வலி போல."

நான் மகளை மடியில் இழுத்து, என் சட்டத்தை நானே மறந்து, குவாரனியில் கேட்டேன். "ஏன்டா தங்கம், அப்பாகிட்ட சொல்லல?"

என் முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு ரகசியம் போலச் சொன்னாள். "உள்ள குடையுதுன்னு அந்தப் பாஷைல எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா."

நான் அழுதேன். எழுத்தைக் கொடுக்கப் போய்ப் பேச்சைப் பறித்தவன் தகப்பனா? பள்ளிக்கு வழி திறக்கப் போய்ப் பிள்ளையின் வாயை அடைத்தவன் தகப்பனா? வலியைக்கூடச் சொல்ல முடியாத வீடு ஒரு வீடா?

மருந்து விட்டோம், காது ஒரு வாரத்தில் ஆறியது. பேச்சு அப்படித் திரும்பவில்லை. சட்டம் போன பிறகும், ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கோ இருபது நாள்தான் இருந்தது. அப்போது ஃபிதெலினா ஒரு வேலை செய்தாள். மரவள்ளி உரிக்கும்போது மகள் காதில் விழும்படி, கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள்.

"நரி விறுவிறுன்னு மரத்துல ஏறி, கோழியப் புடிச்சிருச்சு."

இரண்டு நாள் பொறுத்தாள் என் மகள். மூன்றாம் நாள் தாங்கவில்லை. "நரிக்கு மரம் ஏறத் தெரியாதும்மா. என்னம்மா நீ, ஒண்ணும் தெரியாம கதை சொல்ற."

அன்றைக்கு ஆரம்பித்தவள்தான். கதையைத் திருத்தினாள், பிறகு தானே சொன்னாள். அந்த நரிக்கும் கோழிக்கும் ஒவ்வொன்றாக ஸ்பானிஷ் பெயர் சேர்ந்தது. அடுப்புச் சாம்பலைப் பரப்பி விரலால் தன் பெயரை எழுதினாள். வீட்டுப் பாடம் அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் இல்லை.

பள்ளி திறந்த முதல் நாள். தொரிபியா டீச்சரே சாட்சி. நிமியாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுகிறாள். டீச்சர் ஸ்பானிஷில் கேட்டார், பதில் இல்லை. குவாரனியில் கேட்டார், உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். என் மகள் குனிந்து அவள் காதில் ஏதோ கேட்டாள். அவளும் ஏதோ சொன்னாள். நிமியா எழுந்து நின்றாள். ஸ்பானிஷில், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"டீச்சர், இவளுக்கு ஒண்ணுக்கு வருதாம். ஸ்கூல்ல குவாரனி பேசினா தோலை உரிப்பேன்னு அவங்கப்பா சொன்னாராம். அதான் அழுவுறா."

அந்த அப்பா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். தொப்பியை இறக்கி முகத்தை மறைக்காதீர்கள் அண்ணே, நானும் உங்கள் கட்சிதான்.

அன்பர்களே, புத்தகத்தைப் பள்ளி தரும். எழுத்தைப் பள்ளி தரும். ஸ்பானிஷையும் பள்ளி தரும். நாலு பேர் நடுவில் எழுந்து நின்று தனக்கு வேண்டியதைச் சொல்லும் துணிவை நாம் அல்லவா தர வேண்டும்? வீட்டில் பேசப் பயந்த பிள்ளை வெளியில் எங்கே பேசும்?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதற்குத் தெரிந்த மொழியில், "உனக்கு எங்கயாவது வலிக்குதா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். வணக்கம்.