எரிந்த மோட்டாரும் மீன் தராசும்

ஆறு மணிக்கே வந்து அமர்ந்து, ஏழரைக்கு வந்த எங்களைப் பார்வையாலேயே வறுத்தெடுத்த தலைவர் கஸ்தூரி அம்மையார் அவர்களே! பழவேற்காட்டுப் பெரியோர்களே! ஏரியில் இறால் தடவிப் பிடிக்கும் கைகளால் எனக்கும் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே! சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்து முன்வரிசையை வளைத்துப் போட்டுக்கொண்ட எதிரணி நண்பர்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் படகு இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்க்கும் மெக்கானிக் லோகநாதனின் வணக்கம்!

எதற்கு இந்தக் கூட்டம்? நமது மாதிரி விமானச் சங்கத்தின் மோட்டார் எரிந்துபோனது. வாங்கிவந்தவன் தானியேல். நாளைக் காலை மணல்மேட்டில் போட்டி. அவனைச் சங்கத்தை விட்டு நீக்கலாமா, கூடாதா? நிபுணர் என்று சொல்லி, தீர்ப்புக் கூற என்னை ஏற்றியிருக்கிறீர்கள்.

“அவன் வாங்குனதே டூப்ளிகேட்டுப்பா!”

பொறு தம்பி, பொறு! தானியேல் வாங்கிவந்தவை இரண்டு மோட்டார்கள். இரண்டும் எலுமிச்சம்பழ அளவு. ஒன்றில் ஆயிரம் என்று போட்டிருந்தது. மற்றதில் இரண்டாயிரத்து நானூறு! எதைப் பூட்டுவது? “பெரிய நம்பர், பெரிய பவர்! அதைப் பூட்டு!” என்று ஆணையிட்டார் ஒரு மேதை. “அண்ணே, அது குட்டி பிளேனுக்கு வாங்குனது. இதுக்கு வேணாம்ணே” என்று கெஞ்சினான் தானியேல். “எனக்கே மோட்டார் சொல்லிக் குடுக்கிறியா? மூடிக்கினு பூட்டுடா!” என்றார் மேதை. வேறு யாரும் அருகில் இல்லை. பத்து அங்குல விசிறியோடு விமானத்தின் மூக்கில் பூட்டினார்கள். பறந்ததா? புகைந்தது! யாரோ கருவாடு சுடுகிறார்கள் என்று தெருநாய்கள் ஓடிவந்தன!

“இன்னா லோகு, சுத்தி வளைக்கிற? யார்யா அந்த மேதை?”

வருகிறேன் ஐயா, அங்கேதான் வருகிறேன்!

நேற்று, ஏலக்கூடத்தில் மீன் நிறுக்கும் அம்பிகா, தன் கொக்கித் தராசோடு வந்தாள். “இன்னாத்துக்கு நம்பரைப் பாத்துக்கினு கீறீங்கோ? எவ்ளோ இழுக்குதுன்னு பாருங்க!” என்றாள். விமானத்தை நிறுத்தாள்: எழுநூறு கிராம். தராசைக் கம்பத்தில் கட்டி, விமானத்தின் வாலைக் கொக்கியில் மாட்டி, ஆயிரம் என்று போட்ட மோட்டாரை அதே விசிறியோடு ஓட்டச் சொன்னாள். முள் எங்கே போய் நின்றது? எண்ணூறு கிராம்! தன் எடைக்கும் மேலே இழுக்கிறது, தாய்மார்களே!

மோட்டார்மேல் போட்டிருக்கும் அந்த எண் குதிரைச் சக்தியே அல்ல! சுமை இல்லாமல், ஒரு வோல்ட்டுக்கு, நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் அது. வேகமாகச் சுற்றுவதற்குச் சின்ன விசிறி. நிதானமாகச் சுற்றுவதற்குப் பெரிய விசிறி. மாற்றிப் பூட்டினால் மின்சாரத்தை மொண்டு குடித்துக் கருகிப்போகும். மீனும் வலையுமாய்த் திரும்பும் படகுக்குப் பெரிய விசிறி, நிதானச் சுற்று என்று இந்த ஊருக்கே பாடம் நடத்தியவன் யார்? நான்! தண்ணீரில் தெரிந்ததைக் காற்றில் கோட்டை விட்டவன் யார்? நான்! அந்த மேதை யார்? நானே, நானே, நானேதான்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நான்கு நாளாக டீக்கடையில் தானியேலைக் கண்டால் எழுந்து போனீர்களே, உங்களோடு நானும் எழுந்து போனேன். அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது ஐயா.

ஏரியில் பாடு வைத்து வலை போடுவதைப் போல, சங்கத்திலும் முறை வைத்துத்தான் விமானம் விடுகிறோம். நாளை என் முறை. ஒரு வருடம் காத்திருந்த முறை. அதைத் தானியேலுக்குத் தருகிறேன். எந்த மோட்டார் என்று அம்பிகாவின் தராசு சொல்லட்டும். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் ‘நிபுணர்’ பட்டத்தை இப்போதே அழித்துவிடுங்கள். தானியேலே, மேடைக்கு வா! ரிமோட்டைப் பிடி!

என்னப்பா சொல்கிறாய்? மைக்கில் சொல்.

“அண்ணே, காலைல நீயும் வரணும். பிளேனைக் கையில புடிச்சு விட ஆள் வேணும். உன்னாட்டம் உயரமா வேற யாரும் இல்லண்ணே.”

கேட்டீர்களா? இவனையா நீக்கப் பார்த்தோம்? நீக்கக் கூடாது, இதுதான் என் தீர்ப்பு. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கத்தியவர்களுக்கும் என் நன்றி, வணக்கம். காலை ஆறு மணிக்கு மணல்மேட்டில் முதல் ஆளாக நான் நிற்பேன்.