மேட்டைப் பார்த்துச் சொன்ன ‘வரேன்’

ஃபிரண்டோட அக்காவுக்கு நடந்ததுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?

இளவரசி இப்படித் தீர்மானித்தபோது கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் அத்தை வீட்டு மொட்டைமாடி. வள்ளி அத்தையும் அவள் மகள் சங்கீதாவும் இளவரசியை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இளவரசி கனடாவிலிருந்து வந்து பத்து நாள்.

“அந்த ஊரு பேய்க் கதை சொல்லுக்கா,” என்றாள் சங்கீதா.

“என் ஃபிரண்டோட அக்காவுக்கு நடந்தது...”

ஜனவரி. சாயங்காலம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, ஆறு மட்டும் பள்ளத்தில். பாலாறு அகலம் இருக்கும், உறைந்து கிடக்கும். பள்ளத்துக்குள் இறங்க ஒரே ரோடு. அது முடிகிற இடத்தில், கரைச் சரிவில், சின்னதாக ஒரு பனிச்சறுக்கு மேடு. பிள்ளைகள் மோட்டாரில் ஓடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள், சறுக்கி இறங்குவார்கள். படித்துக்கொண்டே அங்கே வேலை பார்த்தாள் அந்தப் பெண். மோட்டாரை நிறுத்தி, கேபினைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது அவள் பொறுப்பு.

அன்று எல்லோரும் போய்விட்டார்கள். பூட்டிவிட்டுத் திரும்பினால்... உச்சியில் ஒரு குழந்தை. கையைத் தூக்கிக்கொண்டு. மேலே அப்பா, அம்மா யாராவது இருப்பார்கள் என்று இவளும் கையசைத்தாள். வாய்ப் பழக்கம். “வரேன்” என்றாள்.

மேலிருந்து பதில் வந்தது.

“வா.”

தமிழில்.

“அந்தக் குளிர்ல பேய் ஸ்வெட்டர் போட்டுக்கினு இருந்துதாக்கா?”

“சும்மா இருடி,” என்று அத்தை சங்கீதாவின் தொடையில் தட்டினாள். “நமக்கு வரேன்னா கெளம்பறேன்னு அர்த்தம். அது நெசமாவே வராங்கன்னு நெனச்சிக்கிச்சு போல.”

காலையில் உச்சியில் இரண்டே பாதத் தடம். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. அன்று சாயங்காலம் பூட்டும்போது மறுபடி வாய் தவறிற்று. நிறுத்திய கயிறு... கிறீச்... கிறீச்... தானாகக் கீழே ஓடிவந்தது. குழந்தை பாதி மேட்டில் நின்றது. ஈரக் கம்பளி நாற்றம். தூக்கிய கை தூக்கியபடியே.

“ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கிட்ட வருது அத்தை.”

“அப்புறம் இன்னா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு?”

“வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துட்டா.”

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. வந்த அன்றே இளவரசி கடைக்காரரிடம் “வரேன்” என்றாள். தெருமுனையில் தூக்கிய கை. நேற்று பூக்காரியிடம் மறந்துபோய்ச் சொன்னாள். இந்த வீட்டு வாசலில் ஈரக் கம்பளி நாற்றம். இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி.

வீட்டுக்குக் கிளம்பக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கடி, ஒண்ணும் சொல்லாம? வரேன்னு சொல்லிட்டுப் போ.”

சித்திரைப் புழுக்கத்தில், மாடிப்படியிலிருந்து சில்லென்று காற்று. கீழே... கிறீச்.

இளவரசி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“சொல்லேன்மா.”

இந்த முறை குரல் கெஞ்சியது. அத்தை எதிரில்தான் இருந்தாள், தண்ணீர்ச் சொம்பை வாயில் கவிழ்த்தபடி. சங்கீதா போனில் முகம் புதைத்திருந்தாள்.

இளவரசி படிப் பக்கம் திரும்பவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள்.

“மாட்டேன்,” என்றாள், மெல்ல.